கடலில் பெய்த மழை



தொல்காப்பியர் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலையையும் கொடுத்தார். குறிஞ்சிக்குக் கூதிர்காலத்தையும் யாமத்தையும் கொடுத்தார். பாலைக்கு வேனிலும் நண்பகலும் வாய்த்தன. நெய்தலுக்கு வந்தபோது எற்பாடு என்னும் சிறுபொழுதை மட்டும் சொல்லி அமைந்துவிட்டார். பெரும்பொழுது எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. மருதத்திற்கும் அவ்வாறே. உரையாசிரியர் இதற்கு விடை கண்டனர். கூறாமையால் ஆறு பெரும்பொழுதும் இவ்விரு நிலங்களுக்கும் உரியன என்றனர். பின்வந்த நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் நூலில் அதனை விதியாகவே ஆக்கிவைத்தார். வகுப்பறைகளில் இவ்விடம் ஒரே மூச்சில் கடக்கப்பட்டுவிடுகிறது. மாணவர் நிரப்பும் கட்டத்தில் நெய்தலுக்கு நேரே 'ஆறு பெரும்பொழுதும்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்குமேல் எவரும் கேட்பதில்லை.

ஆறும் உரியவை எனின் கூதிரும் உரியதாதல் வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். சோழமண்டலக் கரையில் காற்று வடகிழக்கிற்குத் திரும்பி, வானம் இறங்கிவந்து, அடைமழை பிடிக்கும் திங்கள்கள் இவையே. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. கடலோர மாவட்டங்களில் இப்பங்கு பாதியையும் தாண்டும். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று ஊர்வாய் சொல்வதும் இதனையே. இக்காலக் கவிதைகளில் மழை என்றவுடன் 'கார்' என்று எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். அது முல்லை நிலத்து மழை. நாகைக் கரையில் நிற்பவனுக்கு ஆவணி பெரும்பாலும் புழுக்கக்காலந்தான். சொல் தவறியதால் பருவமும் நிலமும் சேர்ந்தே தவறிப்போகின்றன.

ஆயின் இந்தக் கூதிர்க்கால நெய்தலைத் தமிழ்க் கவிதை எங்கே வைத்திருக்கிறது? தேடிப்பார்த்தால் அது பல இடங்களில் ஒளிந்து கிடக்கிறது. பட்டினப்பாலையில் ஓரிடம். புகார்த் துறைமுகத்தில் கடல்வழி வந்த பண்டங்கள் நிலத்திற்கு ஏறுவதையும், நிலத்துப் பண்டங்கள் கடலுக்கு இறங்குவதையும் சொல்லவந்த உருத்திரங்கண்ணனார், மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிவதையும், மலையில் பொழிந்த நீர் மீண்டும் கடலில் பரவுவதையும் உவமை காட்டி, மாரிப் பருவம் போல என்கிறார். சுங்கம் கொள்வார் புலிமுத்திரை குத்தும் பண்டசாலைக்கு மழைக்காலம் உவமையாக வந்து நிற்கிறது. கடற்கரையில் மழை பெய்தது என்று அவர் நேரே சொல்லவில்லை. கடலுக்கும் மழைக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதை மட்டும் வணிகக் கணக்குப்போல் எழுதிவைத்தார்.

இவ்வினாவை நூல்களுக்குள்ளேயே வைத்து முடித்துவிடாமல், கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று அண்மையில் ஓர் ஐப்பசியில் தரங்கம்பாடியில் கழித்த மூன்று நாள்களை இங்கு முன்வைக்கலாம். தாத்தா அஞ்சல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாட்டி தரங்கம்பாடிக்கு அடுத்த பொறையாற்றில் பிறந்தவர். மகன் பெங்களூரில், அவருக்குப் பதினொரு வயது மகன். மகள் சென்னையில், அவருக்கு ஏழு வயது மகள். மே மாதத்துக் கோடை விடுமுறையைப் பயிற்சி வகுப்புகள் எடுத்துக்கொண்டுவிட்டமையால் தீபாவளியை ஒட்டிய நாள்களே பேரக்குழந்தைகளைத் தாத்தா பாட்டியோடு சேர்த்துவைத்தன. அதனால் கடற்கரைப் பயணமும் மழைக்காலத்தில் அமைந்தது. "இந்த மழையிலயா அப்பா கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று பெங்களூரிலிருந்து மகன் கேட்டிருக்கிறார். "நீங்க வெயில்ல அனுப்பினா வெயில்ல போவோம்" என்பது தந்தையின் விடை.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போடப்பட்ட இருப்புப்பாதையில் 1986 வரை ரயில் ஓடியது. பாட்டி சிறுமியாக அதில் பயணம் செய்தவர். இப்பொழுது பேருந்துதான். பாதை கிடந்த இடங்களைச் சன்னல்வழியே அவர் காட்டிக்கொண்டு வந்ததும், பேத்தி உறங்கிப்போனதும் தவிரப் பயணத்தில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஊர்ப்பெயரைப் பற்றி இடையில் ஒன்று சொல்லவேண்டும். 'பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலாக் கையேடுகள் தரங்கம்பாடியைப் போற்றுகின்றன. தரங்கம் அலைதான், ஐயமில்லை. ஆனால் பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல், அது பாடுவதில்லை. கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி என்று வழங்குகிறது. அக்கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விட்டது. 1620இல் டேனியர் தஞ்சை நாயக்க மன்னரிடம் இசைவு பெற்றுக் கட்டிய கோட்டை சற்றுத் தள்ளி இன்றும் நிற்கிறது. ஒரே அலை ஒரு கட்டடத்தைத் தின்று மற்றொன்றை விட்டுவைத்திருக்கும் கரையில் நின்று, அலை பாடுகிறது என்று மட்டும் எழுதிச் செல்வது போதாது.

முதல்நாள் முழுவதும் மழை. விடுதியறையில் குழந்தைகள் கைப்பேசியோடு இருந்தனர். பிற்பகலில் மின்சாரம் நின்றது. கைப்பேசிகள் அணைந்தபின் தாத்தாவின் சிறிய வானொலிப்பெட்டி ஒன்றே பேசியது. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்று அது அறிவித்தது. பேரன் நிமிர்ந்து, "கூண்டுக்குள்ள என்ன தாத்தா இருக்கும்?" என்றான்.

ஆண்டுதோறும் தமிழர் காதில் விழும் சொல் அது. அதனுள் என்ன இருக்கிறது என்று கேட்கப் பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன் வேண்டியிருந்தது. தாத்தா விளக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை. கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் செய்த சட்டங்களைக் கம்பத்தில் ஏற்றுவர். கடலில் இருப்பவர்கள் தொலைவிலிருந்தே அவற்றின் அடுக்கைப் பார்த்து எண்ணை அறிந்துகொள்வர். இரவில் சட்டங்களுக்கு மாற்றாகச் செவ்விளக்கும் வெள்விளக்கும் ஏறும். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள கேட்டைச் சொல்லும். மூன்று, துறைமுகத்திற்கே பலத்த காற்று வரும் என்று சொல்லும். பத்து மிகப்பெரும் இடர். பதினொன்று எல்லாவற்றிலும் வேறுபட்டது. வானிலை மையத்தோடு செய்தித் தொடர்பு அற்றுப்போய்விட்டது, கேடு வருமென உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்பது அதன் பொருள்.

"அப்போ பதினொண்ணை ரேடியோல யாரு சொல்லுவா?" என்று பேத்தி கேட்டாள்.

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ரேடியோ சொல்லாதும்மா. கம்பத்தைப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

அவையில் உள்ள கவிஞர்கள் இந்தப் பதினொன்றாம் எண்ணைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். பேசும் வழிகள் யாவும் அறுந்தபின் தன் கண்ணை நம்பி ஒருவன் ஏற்றும் அடையாளம் அது. படிமத்திற்காக மேலை நாட்டு மொழிபெயர்ப்புகளைப் புரட்டுவோர் நாகைத் துறைமுகக் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பது அரிதாகவே உள்ளது.

இரண்டாம் நாள் காலையில் மழை விட்டது. கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு. கூண்டு இறங்கும்வரை அறையிலேயே இருக்கவேண்டும் என்றார் தாத்தா. கடலோரத்தில் வளர்ந்த பாட்டி அதற்கு இசையவில்லை. தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று பார்ப்போம். பார்க்காத குழந்தைகள்தாம் பின்னால் தனியே வந்து இறங்குவார்கள் என்பது அவர் வாதம். அவர் வாதமே வென்றது.

படங்களில் பார்த்த கடற்கரையைப் பேரன் தேடினான், காணவில்லை. அகன்ற மணற்பரப்பு இருக்கவேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்திற்கு வெட்டுண்ட மணற்சுவர் நின்றது. மழைக்காலத்துக் குத்தலைகள் கரை மணலை வாரிக் கடலுக்குள் கொண்டுபோய்த் திட்டாகக் குவிக்கின்றன. கோடையின் நீண்ட மெல்லலைகள் அதையே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கரை ஆண்டுக்கொரு முறை போய்வருகிறது. நீரின் நிறமும் நீலம் இல்லை. காவிரியின் கிளைகள் கொண்டுவந்த வண்டல் கலந்து, கரையோரம் செங்காவியாகவும் அப்பால் சாம்பலாகவும் இருந்தது. மாலையிலும் அங்கிருந்தனர், எற்பாட்டைக் காணவில்லை. மேகம் இல்லாதிருந்தாலும் சோழமண்டலக் கரையில் ஞாயிறு கடலில் விழுவதில்லை; கடலைப் பார்த்து நிற்பவன் முதுகுக்குப் பின்னே, வயல்களுக்கு அப்பால் விழுகிறது. கடல்தான் முதலில் இருளும். கீழைக்கரைக் கவிஞர் பலரும் கதிரவனைக் கடலில் மூழ்கடித்துக் கவிதை முடிப்பதை இங்கே வேறெதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம்.

காலையிலேயே மீண்டும் தூறல் பிடித்தது. கடலின்மேல் மழை விழுவதைப் பேத்தி முதன்முறையாகப் பார்த்தாள். நீரில் நீர் விழுந்து மறைவதைச் சிறிது நேரம் பார்த்திருந்து, "கடல்ல பெஞ்சு என்ன பாட்டி பிரயோசனம்? அதுலதான் நெறைய இருக்கே" என்றாள்.

தமிழில் இக்கேள்விக்குப் பழமொழியே விடையாக உண்டு. பயனற்ற ஈகையைக் 'கடலில் பெய்த மழை' என்போம். பாட்டிக்கும் அதுவே முதலில் நினைவுக்கு வந்தது. அதனைச் சொல்லவும் சொன்னார். அருகில் தார்ப்பாய் மறைப்பின்கீழ் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்த மீனவ மூதாட்டி ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "வயக்காட்டுக்காரவுக சொன்ன பேச்சும்மா அது. ஆத்துத் தண்ணி வந்து விழலைன்னா எறா ஏதும்மா? மழ இல்லாத வருசம் கடல் மலடு" என்றார்.

இறால் குஞ்சுகள் கழிமுகத்து உவர்நீரில் வளர்கின்றன. மழை வெள்ளம் இறங்கும்போது அதனோடு கடலுக்குள் செல்கின்றன. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் சத்தும் கரையோர மீன்களுக்கு உணவாகின்றன. மூதாட்டி கூறியது தொழிலறிவு. அவர் கூறியதையே வள்ளுவரும் கூறியிருக்கிறார். வான்சிறப்பில் பதினேழாம் குறள், மேகம் தான் முகந்த கடலுக்குத் திருப்பி வழங்காவிடில் நெடுங்கடலும் தன் இயல்பில் குறையும் என்கிறது. இயல்பு குறைதலாவது யாது என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் நோக்கத்தக்கது: நீர்வாழ் உயிர்கள் பிறவாமையும், மணி முதலாயின படாமையும். கடலில் உயிர் பிறக்க மழை வேண்டும் என்பதே அவ்வுரை. வலை முடியும் கிழவியும் பரிமேலழகரும் ஒருபுறம் நிற்கின்றனர். பழமொழி மறுபுறம் நிற்கிறது. பழமொழி என்பதனாலேயே ஒன்று மக்கள் அனைவரின் அறிவும் ஆகிவிடாது. அது எந்நிலத்து மக்கள் சொன்னது என்று கேட்டாகவேண்டும். கடலில் பெய்த மழை வீண் என்பது மருதத்தின் பேச்சு. கடலைத் தன் வயல் என்று அறியாத நிலத்தின் பேச்சு.

அதே மூதாட்டிதான் சிறிது நேரங்கழித்துப் பேத்தியைக் கூவி நிறுத்தினார். இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக இருந்தது. கால் நனைக்க அதுவே நல்ல இடம் என்று குழந்தை அதை நோக்கி நடந்திருக்கிறாள். "பாப்பா, அங்க போவாத! அலை ஒடையாத எடந்தான் ஆள இழுக்கும்" என்று அவர் எழுந்தே விட்டார்.

"என்ன அக்கா சொல்றீங்க? அங்கதான சும்மா இருக்கு" என்று பாட்டியே திகைத்தார். கடலோரத்தில் பிறந்தும் அவர் அறியாத செய்தி அது.

கரையேறிய நீர் கடலுக்குத் திரும்பியாகவேண்டும். மணல்திட்டு அறுந்த இடத்தில் அது வாய்க்கால்போல் குவிந்து உள்நோக்கி ஓடுகிறது. அவ்விடம் ஆழமாதலின் அலை உடைவதில்லை. காண்பவர்க்கு அதுவே இறங்கத் தக்க இடமாகத் தோன்றும். அதில் அகப்பட்டோர் நேரே கரையை நோக்கி நீந்தினால் களைத்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தைக் கடந்தபின்னரே கரைப்பக்கம் திரும்பவேண்டும். கடலுக்குச் செல்லும் குடும்பம் எதுவாயினும், பேரன் பேத்தியரோடு செல்வதாயின், இச்செய்தியைச் சோற்றுமூட்டையோடு எடுத்துச் செல்லவேண்டும். 'கடலுக்குப் போகாதே' என்று மட்டும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது தெரியாது.

அதன்பின் மூதாட்டியைச் சுற்றிக் குழந்தைகள் அமர்ந்துவிட்டனர். காற்றின் பெயர்களை அவர் சொன்னார். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். வாடையும் கொண்டலும் சங்க நூல்களில் பயில்பவை. சோழகமும் கச்சானும் யாழ்ப்பாணக் கரையிலும் இதே பொருளில் வழங்குகின்றன. இடையில் உள்ள கடல் அச்சொற்களைப் பிரிக்கவில்லை. பேரன் நான்கையும் கைவிரலில் எண்ணிக்கொண்டு, கைப்பேசியின் திசைகாட்டியில் சரிபார்த்தான், பிறகு "இப்ப வாடைதான?" என்றான். "வாடதான். பனியும் சேந்து வருது பாரு" என்று அவர் உறுதி செய்தார்.

பள்ளி விடுமுறையா என்று அவர் கேட்டதற்குப் பாட்டி ஆம் என்றார். "எங்களுக்கும் லீவுதாம்மா. படகு போவலை. அடுப்புக்கும் சேத்து லீவு" என்றார் மூதாட்டி, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரே மழை இரண்டு குடும்பங்களைக் கரையில் உட்காரவைத்திருக்கிறது. ஒன்று பணம் கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்றொன்று வருவாய் இழந்து உட்கார்ந்திருக்கிறது. கடலோர மீனவர்க்கு மீன்பிடி குறைந்த காலத்திற்கென அரசே உதவித்தொகை வழங்கும் அளவிற்கு இத்திங்கள்கள் வறியவை. உப்பளத் தொழிலாளர் நிலையும் இதுவே. மழை விழுந்தால் பாத்தியில் உப்பும் இல்லை, கையில் கூலியும் இல்லை. இவ்வாழ்வைத் தமிழ் உரைநடை கண்டுகொண்டது. ராஜம் கிருஷ்ணன் உப்பளத்தைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' என நாவல்கள் வரிசையாகக் கரைக்கு வந்துவிட்டன. கவிதை இன்னும் பெரும்பாலும் வேனிற்காலத்து மாலையில், சுண்டல் பொட்டலத்தோடு கடலைப் பார்த்து நிற்கிறது. காதலுக்கும் தனிமைக்கும் ஈடாகக் கடலை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆண்டில் மூன்று திங்கள் அக்கடல் என்னவாக இருக்கிறது என்று அறியாமலே எடுத்துக்கொள்வதுதான் குறை.

அன்றிரவு குழந்தைகள் கதை கேட்டனர். அவ்வூரிலிருந்து வடக்கே பூம்புகார் இருப்பதால் தாத்தா மணிமேகலையிலிருந்து எடுத்தார். சோழ மன்னனுக்கும் நாகநாட்டுப் பீலிவளைக்கும் பிறந்த குழந்தை, அக்குழந்தையைத் தந்தையிடம் சேர்க்கக் கம்பளச்செட்டியின் கலத்தில் அனுப்பியது, இரவில் கலம் உடைந்தது, குழந்தை காணாமற்போனது. மன்னன் மகனைத் தேடி அலைந்ததில் இந்திரவிழாவை மறந்தான். விழா நின்றதால் கடல் எழுந்து புகாரைக் கொண்டது.

"அந்தப் பாப்பா கெடைச்சுதா?" என்றாள் பேத்தி.

ஊர் மூழ்கியது அவளுக்குப் பொருட்டாகவில்லை. தாத்தா தடுமாறினார். பிறகு நச்சினார்க்கினியர் அவர் உதவிக்கு வந்தார். பெரும்பாணாற்றுப்படை உரையில் அவர் கூறும் வேறொரு கதை உண்டு. அதிலும் சோழ மன்னன், அதிலும் நாகர்மகள். குழந்தையைத் தொண்டைக்கொடி அடையாளமாகச் சுற்றிக் கடலில் விடுகின்றனர். அலை அதனைக் கரையில் சேர்க்கிறது. திரை தந்தமையால் அவன் திரையன் ஆனான். ஒரு நூல் கடலிடம் இழந்த குழந்தையை மற்றொரு நூல் கடலிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது. தாத்தா இரண்டையும் ஒரே கதையாக இணைத்துச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியாளர் இதனை ஏற்கமாட்டார். ஏழு வயதுக் குழந்தை ஏற்றுக்கொண்டு உறங்கியது.

குழந்தைகள் உறங்கியபின் பெரியவர்கள் பேசியது 2004 டிசம்பர் 26 பற்றி. அன்று ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலம். கரையில் குழந்தைகள் இருந்தனர். புயலும் இல்லை, அடைமழையும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் அன்றைய நாகை மாவட்டத்தவர். தரங்கம்பாடியும் அதில் தப்பவில்லை. அந்த அலைக்கெனத் துறைமுகக் கம்பத்தில் ஒரு கூண்டும் வகுக்கப்பட்டிருந்ததில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007இல்தான் அமைந்தது. கடல்கோள் என்ற சொல்லைத் தமிழ் பல நூற்றாண்டுகளாக வைத்திருந்தது. முச்சங்க வரலாற்றோடு சேர்த்து அதனைப் புராணமாக்கி மேலே ஏற்றிவைத்துவிட்டதால், அன்று காலை நீர் பின்வாங்கிக் கடலடி தெரிந்த இடங்களில் மக்கள் வியந்து பார்த்து நின்றனர். சொல் இருந்தது; சொல்லின் பொருள் கைமாறி வரவில்லை. அந்த ஆண்டுக்குப்பின் பாட்டி நெடுங்காலம் பிறந்த ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதை அன்றிரவுதான் தாத்தா அவருக்கு நினைவூட்டினார். "பேரப்பிள்ளைங்க கேட்டதாலதான் வந்தேன்" என்றார் பாட்டி.

மூன்றாம் நாள் மழை கனத்தது. திரும்புவதற்கு முன் பேரன் சட்டைப்பையில் புன்னைக் காய்கள் நான்கு இருந்தன, கோலியாடப் பொறுக்கியவை. இந்தப் புன்னைக் காயிலிருந்து நற்றிணைக்குச் செல்லலாம்.

நற்றிணையின் 172ஆம் பாட்டை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். தோழியரோடு விளையாடியபோது வெண்மணலில் புன்னை விதையை அழுத்தி மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அன்னையோ, இப்புன்னை உங்களினும் சிறந்தது, உங்களுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள். ஆதலின் அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுவதாகத் தலைவிக்காகத் தோழி கூறுகிறாள். உரையாசிரியர் இதில் குறிப்பையும் வரைவு கடாதலையும் கண்டனர். சுவைஞர் மரத்தை உடன்பிறப்பாகக் கொண்ட உள்ளத்தை வியந்தனர். இரண்டும் சரியே. ஒரு சிறிய வினா மட்டும் கேட்கப்படாமல் நிற்கிறது. மறக்கப்பட்ட விதை எப்படி முளைத்தது? நெய்யும் பாலும் முளைத்தபின் ஊற்றியவை. அதற்கு முன் மணலில் கிடந்த விதைக்கு நீர் விட்டவர் ஒருவரும் இல்லை. கடற்கரையின் வெண்மணல் நீரைப் பிடித்துவைப்பதும் இல்லை. ஆக, விளையாடிய நாளுக்கும் முளையைக் கண்ட நாளுக்கும் நடுவே அந்தக் கரையில் மழை பெய்திருக்கவேண்டும். பாட்டில் மழை என்னும் சொல் இல்லை. குழந்தைகள் மறந்த விதையை நினைவில் வைத்திருந்தது அந்த மழை. முளையை 'உடன்பிறந்தாள்' என்று பெயரிட்டு உறவாக்கியது முதியவள் ஒருத்தியின் வாய். கூதிர்க்கால நெய்தல் எங்கே என்று தேடியவர்க்கு அது இந்த இரண்டுக்கும் நடுவே, சொல்லப்படாத இடத்தில் கிடைக்கிறது.

பெரும்பொழுதைப் பெயர் சுட்டாது தொல்காப்பியர் விட்ட இடம் வெற்றிடமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. நிரப்பவேண்டியவர் கவிஞர். செய்தி தருவதற்கு வலை முடிபவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்பதற்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். கேள்வியையும் செய்தியையும் ஒரே தார்ப்பாயின்கீழ் உட்காரவைக்கத் தாத்தா பாட்டியரும் ஒரு மழையும் வேண்டியிருக்கிறது.

அக்குடும்பம் ஈரத்துணிகளோடும் மணலோடும் ஊர் திரும்பியது. பேத்திக்குச் சளி பிடித்தது. சென்னையிலிருந்து மகள் கடிந்துகொண்டார். மழையில் கூட்டிச்சென்றது பற்றி இன்னும் அக்குடும்பத்தில் பேச்சு ஓயவில்லை. கார்த்திகையில் வங்கக்கடலில் மீண்டும் ஒரு தாழ்வுமண்டலம் உருவாயிற்று. அன்று மாலை பெங்களூரிலிருந்து பேரன் தொலைபேசியில் அழைத்தான். நலம் எதுவும் கேட்கவில்லை. "பாட்டி, நாகப்பட்டினத்துல இன்னிக்கு எத்தனாம் நம்பர் கூண்டு? அந்த வலை பின்ற ஆயா வீட்டுக்குத் தண்ணி வந்துருமா?" என்றான். பாட்டி வானொலியை அருகே இழுத்துக்கொண்டார்.